நாக்கின் சாட்சியம்: பிரவுன் ஏலும் கழுகுமலைத் தேர் வீதியும்

1

பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர் வீட்டில் ஒரு சாயங்காலம் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு கண்ணாடி டம்ளர், ஆளுக்கொரு தாள், ஒரு பென்சில். நடுவில் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய பிரவுன் ஏல் புட்டிகள். குடிக்கக் கூப்பிட்டிருக்கிறார் என்று போனால் மனுஷன் பரீட்சை வைக்கிறார். தாளில் ஐந்து கட்டம்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. ஆக 50. அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பீர் நடுவர் திட்டம் ஒன்றின் தாள் இது. வீட்டில் பீர் வடிக்கிறவர்கள் நடத்தும் போட்டிகளில் இதை வைத்துத்தான் மார்க் போடுகிறார்கள்.

அதற்கென்று ஒரு முறையும் இருக்கிறது. ஊற்றியவுடன், நுரை அடங்குவதற்குள், மூக்கை வைத்துவிட வேண்டும். முதல் மணம் பறந்துவிடும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நிறம் பார்க்க வேண்டும். பிறகுதான் ஒரு மடக்கு. ஒயின் சுவைக்கிறவர்கள் துப்பிவிடுவார்கள். பீரைத் துப்பக் கூடாது, விழுங்கிய பிறகு தொண்டையோரம் தங்கும் கசப்பும் கணக்கில் சேர்த்தி. ரொம்பக் குளிர்ந்திருந்தால் நாக்கு மரத்துப்போகும் என்று, நண்பர் புட்டிகளைக் கொஞ்ச நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்திருந்தார். எழுதி முடிக்கும்வரை பக்கத்து ஆளிடம் வாய் திறக்கக் கூடாது.

ஆங்கிலப் பாணி பிரவுன் ஏல் எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறையையும் கையில் கொடுத்தார். நிறம் செம்பழுப்பிலிருந்து கரும்பழுப்புவரை. ஆல்கஹால் 4.2 முதல் 5.9 சதவீதம். கசப்பு பின்னால் அடங்கி நிற்க, வறுத்த தானியத்தின் இனிப்பு முன்னால் வர வேண்டும். கேரமல், டாஃபி, கொட்டைப் பருப்பு, பிஸ்கட், லேசாகச் சாக்லேட் — இதெல்லாம் வரலாம். வெண்ணெய் வாடையோ பச்சை ஆப்பிள் வாடையோ நனைந்த அட்டை வாடையோ வந்தால் குறை.

நான் மூக்கை வைத்தேன். 'கோவில்பட்டிக் கடலை மிட்டாய்' என்று எழுதினேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு அடுத்த கட்டத்தில் 'கருப்பட்டிப் பாகு, இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால்' என்று எழுதினேன். நண்பர் என் தாளை வாங்கிப் படித்துச் சிரித்தார். "இது ருசி இல்லப்பா, ஊரு" என்றார். டாஃபி என்று எழுதியவரிடம் எந்த ஊர் டாஃபி என்று அவர் கேட்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. கூட இருந்த ஒருவர், வடக்கே இருந்து வந்தவர், நல்ல ஆர்வத்தோடு என்னிடம் கேட்டார்: உங்கள் பக்கம் பனை நிறைய இருக்குமே, கள் எப்படி இருக்கும், இதே தாளில் எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்? நான் யோசிக்கவே இல்லை. "எங்க வீட்ல யாரும் தொட்டதில்ல" என்றேன்.

பொய். சின்ன வயசில், ஒரு கோடை லீவில், தூரத்து மாமா ஒருத்தரின் கலயத்திலிருந்து குடித்திருக்கிறேன். நாக்குக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் கேட்டது ருசியை. நான் பதில் சொன்னது சாதிக்கு. அவருக்கு அது புரிந்திருக்காது. கழுகுமலைக்காரன் யாராவது அங்கே இருந்திருந்தால் அந்த ஒரு வாக்கியத்திலேயே என் பாட்டன் பேரைச் சொல்லியிருப்பான்.

2

முதலில் தாளில் இருந்த பானத்தைப் பார்த்துவிடுவோம். பிரவுன் ஏல் ஏதோ பிரபுக்கள் குடித்த சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. லண்டனின் கிழக்குப் பகுதியில் இருந்த மான் கம்பெனி 1902இல் புட்டியில் அடைத்து விற்ற இனிப்பான பிரவுன் ஏல்தான் இந்த வகைக்கு இருபதாம் நூற்றாண்டின் முன்மாதிரி. வடக்கே டைன் நதிக்கரையில் நியூகாசில் பிரவுன் ஏல் வந்தது 1927இல். ஜேம்ஸ் போர்ட்டர் என்பவர் ஆர்ச்சி ஜோன்ஸ் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து மூன்று வருஷம் உழைத்து அதைக் கண்டுபிடித்தார். 1928இல் லண்டனில் நடந்த மதுத் தயாரிப்பாளர் கண்காட்சியில் தங்கப் பதக்கங்கள் வாங்கியது. அதைக் குடித்தது யார்? நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்கள், கப்பல் கட்டும் பட்டறைத் தொழிலாளிகள்.

மூன்று வருஷ உழைப்பு எதற்கு என்பது முக்கியம். நேற்றுக் குடித்த புட்டியும் இன்றைக்குக் குடிக்கிற புட்டியும் நாளைக்கு வேறு ஊரில் திறக்கப்போகும் புட்டியும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பார்லியை முளைகட்டி, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வறுத்தால் எந்தப் பழுப்பு வரும், எந்த ஈஸ்ட் எந்தப் பழ வாசனையைத் தரும் என்பதெல்லாம் கணக்காகிவிட்டால் அப்புறம் ருசியைப் பற்றிப் பேச மொழி கிடைக்கும். பொருள் நின்றால்தானே சொல் நிற்கும்.

ஆனால் பதக்கம் வாங்கியது கம்பெனி. குடிகாரத் தொழிலாளியின் நாக்குக்கு மரியாதை வந்தது ரொம்பப் பிந்தி. 1971இல் பிரிட்டன்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த ஏல் பாதுகாப்பு இயக்கம், பெரிய கம்பெனிகள் வாயுவை ஏற்றி விற்ற உயிரில்லாத பீருக்கு எதிராகத் தெருவுக்கு வந்தது. அரசாங்கத்திடம் கேட்டது ஒன்றும் பெரிசில்லை: நாங்கள் குடிக்கிறதை நாங்கள் மதிப்பிடுகிறோம் என்பதுதான். 1977இல் மைக்கேல் ஜாக்சன் (பாட்டுக்காரர் இல்லை, இவர் யார்க்ஷயர்ப் பத்திரிகையாளர்) உலகத்துப் பீர்களை எல்லாம் வகை பிரித்து ஒரு புத்தகம் போட்டார். இன்றைய நடுவர் தாள்களில் உள்ள 'பாணி' என்ற கருத்தாக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. ஆக அந்த 50 மார்க், கேரமல், பிஸ்கட் எல்லாம் அனாதி காலத்து ஞானம் இல்லை. ஐம்பது வருஷத்துக் கதை. உழைப்பாளியின் பானம் ஒன்று தனக்கென்று ஒரு சொல்லகராதியைச் சம்பாதித்துக்கொண்ட கதை.

"இது ருசி இல்லப்பா, ஊரு" என்றாரே நண்பர், அவருக்கு ஒரு தகவல். நியூகாசில் பிரவுன் ஏலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. அந்த ஊரில் வடித்தால்தான் அந்தப் பேர் என்று. 2005இல் கம்பெனி ஆற்றைத் தாண்டி கேட்ஸ்ஹெட்டுக்குப் போனது. கம்பெனியே கேட்டுக்கொண்டு 2007இல் அந்தப் பாதுகாப்பை நீக்க வைத்தது. 2010இல் யார்க்ஷயரில் டாட்காஸ்டருக்கே போய்விட்டது. ஊரை விட்டுவிட்டு ஊர்ப் பேரை வைத்துக்கொண்டது கம்பெனி. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வந்தது 2020இல். யார் தாளில் எந்த ஊரை எழுதலாம் என்பது நாக்கு தீர்மானிக்கிற விஷயம் இல்லை.

3

இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் சிலருக்குக் கை துறுதுறுக்கும். அன்னைக்கே எங்ககிட்ட இருந்ததே என்று ஆரம்பிப்பார்கள். இருந்தது, வாஸ்தவம்தான். பெரும்பாணாற்றுப்படையில், அரிசிக் களியைத் துழாவி, வாய் அகன்ற தட்டில் ஆறவைத்து, அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிற செய்முறையே வருகிறது. தானியத்தைப் புளிக்கவைத்து எடுப்பதால் அதை நெல்லுப் பீர் என்றே சொல்லலாம். தேறல், மட்டு, நறவு, அரியல், தோப்பி, பிழி என்று பேர்களுக்கும் பஞ்சமில்லை. மூங்கில் குழாயில் ஊற்றிப் புதைத்து முதிரவைத்த தேறலின் வேகத்துக்குத் தேளின் கடுப்பை உவமை சொன்ன புலவர்கள், இன்றைய கணக்கில் மணம், சுவை, பின்சுவை மூன்றுக்கும் மார்க் போட்டவர்கள்தான்.

ஆனால் அந்தப் பெருமையில் எனக்கு ஆர்வம் இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ருசி பேசின மொழியை இன்று நான் பேச முடியாமல் விழுங்கினேனே, அது எப்போது நடந்தது என்பதே கேள்வி. திருக்குறளில் கள்ளுண்ணாமை வந்துவிட்டது, அதனால்தான் என்று முடித்துவிட முடியாது. புலால் மறுத்தலும் அதே நூலில்தான் இருக்கிறது. ஆட்டுக்கறிக் குழம்பைப் பற்றிப் பேச யாரும் இங்கே கூசுவதில்லை.

4

பனையிடம் போவோம். கழுகுமலைக்கு அல்ல, கழுகுமலை கரிசல், பருத்தியும் கம்பும் மிளகாயும் விளைகிற நிலம், பனை அங்கங்கே நிற்கும். எட்டயபுரம், விளாத்திகுளம் தாண்டிக் கிழக்கே கடல் பக்கம் போகப் போகக் கரிசல் வெளுத்து மணலாகும். அங்கேயும் அதற்குத் தெற்கே திருச்செந்தூர்த் தேரிகளிலும்தான் பனை காடாக நிற்கிறது.

பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைத் தினமும் மெல்லிய வட்டமாகச் சீவிவிட்டு, கலயம் கட்டுகிறார்கள். சொட்டுகிற சாறு இனிப்பு. நூற்றுக்குப் பத்துப் பதின்மூன்று பங்கு சர்க்கரை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தால் அது பதநீர். பூசாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் மரத்தின் மேலேயே வேலையை ஆரம்பித்துவிடும்; இறக்கும்போதே கள். ஆல்கஹால் 4லிருந்து 6 சதவீதம்வரை. பிரவுன் ஏலுக்கும் அதே அளவுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு விரற்கடை சுண்ணாம்பு, சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் இருக்கிற கோடு.

கள்ளுக்குப் புட்டி இல்லை. காலையில் இனிப்பும் லேசான சுறுசுறுப்புமாக இருப்பது மத்தியானத்தில் இறுகும், சாயங்காலம் புளிக்கும், மறுநாள் காடி. மரத்துக்கு மரம் மாறும். ஆண் பனைக்கும் பெண் பனைக்கும் மாறும். மழை பெய்த மறுநாள் நீர்த்துப்போகும். நியூகாசிலில் மூன்று வருஷம் உழைத்து ஒழித்த ஏற்றத்தாழ்வுதான் இங்கே அதன் இயல்பு. அதனால் மதிப்பீட்டுக்கு ஆள் இல்லை என்று அர்த்தமா? நேர் எதிர். இவ்வளவு மாறுகிற ஒன்றைத் தினமும் மதிப்பிடாமல் அந்தத் தொழிலே நடக்காது.

மதிப்பிடுகிறவள் பெண். மேலே ஏறுகிறவன் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மரம் ஏறி இறங்குகிறான். கீழே விளையில் அடுப்பை மூட்டிக் காய்ச்சுகிறவள் அவன் மனைவி அல்லது ஆத்தா. புளிக்கத் தொடங்கிய பதநீர் கருப்பட்டியாக உறையாது. பாகு இளகிக்கொண்டே நிற்கும். ஒரு கலயம் கெட்டதைத் தெரியாமல் ஊற்றிவிட்டால் அன்றைய தாச்சி முழுக்கப் பாழ். அதனால் ஒவ்வொரு கலயத்தையும் அவள் முகர்கிறாள், சந்தேகம் வந்தால் விரலால் தொட்டு நாக்கில் வைக்கிறாள். புளிப்பு ஏறியிருக்கிறதா, சுண்ணாம்பு தூக்கலாகிக் காரம் அடிக்கிறதா, மழைத்தண்ணி சேர்ந்திருக்கிறதா. பிறகு பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு, பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்க்கிறாள். புளிக்கத் தொடங்கும் முதல் நொடியைக் கண்டுபிடிப்பதில் இவளுக்கு நிகரான நடுவர் எந்தப் போட்டியிலும் உட்கார்ந்திருக்க மாட்டார். அவளிடம் தாள் கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

கேட்டது அரசாங்கம், ஆனால் அவளிடம் இல்லை. 1886ஆம் வருஷத்து மெட்ராஸ் அப்காரிச் சட்டம் வந்தபோது, சாராயத்துக்கு சைக்ஸ் ஹைட்ரோமீட்டர் என்ற பித்தளை மிதவையைப் போட்டு வீரியம் பார்த்தார்கள். லண்டன் புரூபுக்கு எத்தனை டிகிரி கீழே என்று கணக்கு. கள்ளுக்கு அது சரிப்படவில்லை. நேரத்துக்கு நேரம் மாறுகிற திரவத்தை எங்கே பிடித்து அளப்பது? அதனால் மரத்துக்கு வரி போட்டார்கள். மரத்தில் எண் போட்டார்கள். கடைகளை ஏலம் விட்டார்கள். பானத்தை விட்டுவிட்டு மரத்தையும் ஆளையும் பிடித்தார்கள் என்று சொல்ல வேண்டும். 1930களில் சென்னை மாகாண வருமானத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அப்காரி. அந்தப் பணத்தில் நடந்த நிர்வாகத்தின் ஏடுகளில் கள் எத்தனை கடை, எத்தனை மரம், எவ்வளவு ரூபாய் என்று வரும். எப்படி இருந்தது என்று வராது.

அதிகாரபூர்வமாகக் கள்ளை முகர உரிமை பெற்ற ஒரே மூக்கு சோதனை போட வந்த சிப்பந்தியின் மூக்கு. சுண்ணாம்புக் கலயத்தில் புளிப்பு இருக்கிறதா என்று அவன் முகர்ந்து சொன்னால் வழக்கு. அவளுடைய அதே அறிவுதான். அவன் கையில் அது குற்றச்சாட்டாகிறது.

இதே காலத்தில் இங்கிலீஷ்காரன் குடித்த பீருக்கு நீலகிரியிலும் பெங்களூரிலும் மதுவாலைகள் இருந்தன. அவற்றில் ஐந்தைச் சேர்த்துத்தான் 1915இல் தாமஸ் லீஷ்மன் யுனைடெட் புரூவரீஸை உண்டாக்கினார். பட்டாளத்துக்கான பீர் பெரிய பீப்பாய்களில் மாட்டுவண்டியில் போனது. மது வகைகளை நாட்டுச் சரக்கு, சீமைச் சரக்கு என்று பிரிக்கும் பழக்கம் இந்தக் காலத்துடையது. வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. 'இந்தியாவில் தயாரித்த அயல்நாட்டு மது' என்று இன்றும் அரசுத் தாள்களில் எழுதுகிறார்களே, உலகத்திலேயே இப்படி ஒரு பேர் வேறு எந்தப் பண்டத்துக்கும் இருக்குமா தெரியவில்லை.

5

இப்போது கழுகுமலை.

வெளியூர்க்காரர்களுக்குக் கழுகுமலை என்றால் பாறையைக் குடைந்த வெட்டுவான் கோவில், சமணச் சிற்பங்கள், காவடிச்சிந்து. ஊர்க்காரனுக்குத் தேர் வீதி. கழுகாசலமூர்த்தி கோயிலும் ஊரும் எட்டயபுரம் ஜமீனுக்குள் இருந்தன. அங்கே இருந்த நாடார்கள் பெரும்பாலும் வியாபாரிகள். பனைக் காட்டிலிருந்து வடக்கே கரிசலுக்கு வந்து பருத்தி, புகையிலை, பலசரக்கு என்று கடை போட்ட கூட்டம். சிவகாசி, விருதுநகர் நாடார்களைப் போல. மரம் ஏறத் தெரிந்தவன் அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பான்? ஆனால் தேரோடும் வீதிகளில் ஊர்வலம் போகிற உரிமையை அவர்கள் கேட்டபோது, மறுத்தவர்களுக்கு ஒரே ஒரு காரணம் போதுமாக இருந்தது. சாணான், கள் இறக்குகிறவன், தீட்டு.

நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். பலர் கத்தோலிக்கத்துக்கு மாறி, தேர் வீதியிலேயே ஒரு வீட்டை வாங்கிக் கோயிலாக்கினார்கள். 1895 ஏப்ரலில் பங்குனி உத்திரத் தேர் அந்த இடத்துக்கு வந்தபோது, வீட்டுக்கு முன்னால் போட்டிருந்த பந்தலில் தகராறு மூண்டது. ஜமீன் மேலாளர் குத்திக் கொல்லப்பட்டார். பதிலுக்கு நாடார்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் தெரு கொளுத்தப்பட்டது, கடைகள் கொள்ளை போயின. இரண்டு வருஷம் கழித்து, 1897இல் கமுதியில் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் அரசர் தொடுத்த வழக்கு 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. நடுவில் 1899இல் சிவகாசிக் கலவரம். கமுதி வழக்கு நெடுக, கள் இறக்குவது இவர்களின் குலத்தொழில், ஆகவே கோயிலுக்குள் விடலாகாது என்பதே நுழைவை மறுத்தவர்களின் அடிப்படை வாதம். ஏலைக் குடித்து வளர்ந்த ஊரில் உட்கார்ந்து நீதிமான்கள், பனஞ்சாற்றின் தீட்டைப் பற்றி முடிவு சொன்னார்கள்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. தென் திருநெல்வேலிப் பனைச்சாற்றில் பெரும்பகுதி கள்ளாகவே ஆனதில்லை, கருப்பட்டியானது. சுண்ணாம்பு பூசிய கலயம்தான் அங்கே வழக்கம். ஆனால் தீட்டுக்கு வேதியியல் தேவையில்லை. சீவின பாளை ஒன்று. அதில் இனிப்பு வடிந்தாலும் புளிப்பு வடிந்தாலும் சாதிக்குக் கள் நாற்றம்தான். 1849இல் கால்டுவெல் சாணார்களைப் பற்றி எழுதிய சிறுநூல் மீது அந்தச் சமூகத்திலேயே படித்தவர்கள் பின்னாளில் அத்தனை கொதித்ததும் இதனால்தான்.

ருசியை வைத்து மேல்வர்க்கம் தன்னைக் காட்டிக்கொள்கிறது என்று பியர் பூர்தியூ 1979இல் பிரான்ஸை வைத்து எழுதினார். நம் ஆட்கள் அவரை அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்டுவார்கள். ஒட்டாது. பாரீஸில் ஒயினின் நுணுக்கம் பேசத் தெரிந்தவன் ஒரு படி ஏறுகிறான். கழுகுமலையில் கள்ளின் நுணுக்கம் பேசத் தெரிந்தவன் நூறு படி இறங்குகிறான். அங்கே ருசி தெரியும் என்பது மூலதனம். இங்கே அது ஒப்புதல் வாக்குமூலம். காலைக் கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும் வித்தியாசம் சொல்ல முடிகிறவன் தன் பாட்டன் எந்த மரத்தில் ஏறினான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறான்.

எனவே மறந்தார்கள். மறக்க முடியாததை மறைத்தார்கள். 1910இல் நாடார் மகாஜன சங்கம் ஏற்பட்டது; 1921 சென்சஸில் சாணார் என்ற பேர் போய் நாடார் என்ற பேர் ஏறியது. கள் தொழிலை விடு என்பது முன்னேற்றத்தின் முதல் நிபந்தனையானது. மேற்கே கேரளத்தில் நாராயண குரு ஈழவர்களிடம் சொன்னதும் இதுதான்: காய்ச்சாதே, கொடுக்காதே, குடிக்காதே என்கிற சாரம். இதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. தெரு கொளுத்தப்பட்டவர்கள் எடுத்த முடிவு அது. அந்த முடிவின் பலனாகத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், பெங்களூர் வீட்டில் பென்சிலோடு உட்கார்ந்தேன். ஆனால் சமூகம் மேலே ஏறின ஏணியைக் கீழே இன்னும் பிடித்துக்கொண்டிருந்த பனையேறியை அந்த முடிவு என்ன செய்தது என்பதையும் கேட்காமல் இருக்க முடியவில்லை. சொந்தச் சாதியே அவனைப் பார்த்து மூக்கைப் பொத்தியது.

6

மதுவிலக்கின் கதை எல்லோருக்கும் தெரிந்தது, சுருக்கமாகப் போகிறேன். 1921 கள்ளுக்கடை மறியலில் ஈரோட்டில் நாகம்மையும் கண்ணம்மாளும் தெருவில் நின்றார்கள். பெரியார் தன் தோப்புத் தென்னைகளை வெட்டினார். 1937இல் ராஜாஜி சேலத்தில் ஆரம்பித்தார். வருமான ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுக்க விலக்கு. 1971இல் திறப்பு, இரண்டு மூன்று வருஷத்தில் மூடல், 1981இல் மறுபடி திறப்பு, 1983இல் டாஸ்மாக். 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. அது இன்றும் நீடிக்கிறது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்குக்கே வந்துவிட்டது.

குடிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1992இல் நெல்லூர் மாவட்டத்தில் சாராயக் கடைகளை மூடவைத்த பெண்கள் ருசி பற்றிப் பேசவில்லை, அடி உதை பற்றிப் பேசினார்கள். அவர்கள் பேச்சுக்கு முன்னால் இந்தக் கட்டுரை கை கட்டித்தான் நிற்க வேண்டும். கள்ளில் குளோரல் ஹைட்ரேட் கலந்து ஆட்களைச் சாய்த்த கடைகளும் இருந்தன. என் கேள்வி வேறு. 42 சதவீத பிராந்தியை அரசே விற்கிற மாநிலத்தில், 5 சதவீதப் பீரையும் அரசே விற்கிற மாநிலத்தில், அதே 5 சதவீதக் கள் மட்டும் ஏன் குற்றம்? கலப்படம் என்கிறார்கள். கலப்படத்தைக் கண்டுபிடிக்க முதலில் கலப்படமில்லாதது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரிந்த ஒரு நாக்கு வேண்டும். அந்த நாக்கைத்தான் நாம் நூறு வருஷமாக வெட்கப்படுத்தி வாயை மூடவைத்திருக்கிறோம்.

கொங்குப் பக்கத்துத் தென்னை விவசாயிகளின் கள் இயக்கம் தடையை எதிர்க்கிறது. கள் உணவு, விவசாயியின் வருமானம், உரிமை என்று வாதாடுகிறது. அரசியல்வாதிகள் பனையேறிப் படம் பிடித்துக்கொள்கிற காலமும் வந்துவிட்டது. எல்லாம் சரி. பிரிட்டனில் 1971இல் வந்த இயக்கம் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் இங்கே யாரும் சொல்லக் காணோம்: இது நல்ல ருசி, எனக்குத் தெரியும். சத்து என்கிறார்கள், மருந்து என்கிறார்கள், தமிழன் பானம் என்கிறார்கள். ருசி என்கிற சொல்லுக்கு மட்டும் ஆள் முன்வருவதில்லை. முன்வந்தால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

7

பெங்களூரில் மிஞ்சின ஒரு புட்டியை நண்பர் எனக்குக் கொடுத்துவிட்டார். சித்திரை மாசம் ஊருக்குப் போனபோது அதைப் பையில் வைத்துக்கொண்டு கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாக வேம்பார்ப் பக்கம் போனேன். தூரத்துச் சொந்தத்தில் ஒரு ஆச்சி இன்னும் காய்ச்சுகிறாள். மகன் ஏறுகிறான், பேரன் தூத்துக்குடியில் வேலைக்குப் போகிறான். விளையில் ஓலைக் கொட்டகைக்குள் தாச்சி கொதித்துக்கொண்டிருந்தது. கலயங்களை வரிசையாக முகர்ந்து ஒன்றைத் தள்ளிவைத்தாள். நான் முகர்ந்து பார்த்தேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "நீ பட்டணத்து மூக்கு" என்றாள்.

புட்டியைத் திறந்து ஒரு சில்வர் டம்ளரில் ஊற்றி நீட்டினேன். பீர் என்று சொல்லவில்லை, வெளிநாட்டுச் சரக்கு, தானியத்தை வறுத்து எடுத்தது, வாசம் மட்டும் பாருங்கள் என்றேன். குடிக்க மாட்டாள் என்று தெரியும். டம்ளரை மூக்குக்கு நேரே பிடித்தாள். ஒருதரம் சுழற்றினாள் — யாரும் சொல்லித்தரவில்லை. மறுபடி முகர்ந்தாள்.

"கருப்பட்டி அடிப்பிடிக்கப் போற நேரத்துல இறக்கிருக்கான். கெட்டிக்காரன்தான், கருகவிடல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பொங்கினது இன்னும் அடங்கல இதுல. பழ வாசம் வருது பாரு, அது புளிக்கறதுக்கு முந்தின வாசம். ஒரு நாள் விட்டா மாறிரும்னு நெனப்பேன், ஆனா மாறாதபடிக்கி என்னமோ செஞ்சிருக்கான். இந்தக் கசப்பு மட்டும் எங்கருந்து வருதுன்னு தெரியல. வேம்பு மாரி இல்ல. ஏதோ எலை."

அந்த நடுவர் தாளின் முதல் கட்டத்துக்கு அவள் எழுதினது இது. ஹாப்ஸ் என்பது ஒரு கொடி, அதன் பூவைத்தான் போடுகிறார்கள் என்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டாள். டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டுத் தாச்சியைத் துழாவப் போனாள்.

எனக்கு அப்போது கேட்டுவிட வேண்டும் போல இருந்தது. "ஆச்சி, கள்ளு இதவிட நல்லாருக்குமோ? அது எப்பிடி இருக்கும்?"

துழாவின கை நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"எனக்கெப்படி ராசா தெரியும்? எங்க வீட்ல யாரும் தொட்டதில்ல."